மின்னஞ்சலில் ஒரு கேம்பெயின் நடத்துவது

எங்கள் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டக் குழுவில் ஒருவருக்கு இரவு ஷிஃப்ட். இன்னொருவர் வீட்டில் கைக்குழந்தை. மற்ற இருவர் வேறு வேறு நேர மண்டலங்களில் இருக்கிறார்கள். நான்கு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்காரவே முடியாது. ஆனால் நாளுக்கு ஒரு பதினைந்து நிமிடம் எல்லோரிடமும் இருந்தது. அது ஒரே நேரத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பதினைந்து நிமிடத்தை நம்பித்தான் மின்னஞ்சலில் கேம்பெயின் ஆரம்பித்தோம், இன்றும் ஓடுகிறது. அதை நடத்தும் கேம் மாஸ்டர் என்ற முறையில், எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்று நான் பார்த்ததை எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு பேச்சாலும் பகடையாலும் நடத்தும் கதை விளையாட்டு. உலகத்தையும் எதிரிகளையும் கேம் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்கிற இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு முன்னோடி. அதே கதாபாத்திரங்களோடு ஒரு நீண்ட கதையைத் தொடர்ந்து ஆடினால் அது கேம்பெயின்.

கடிதத்தில் விளையாடுவது இதைவிடப் பழைய பழக்கம். சதுரங்கத்தைக் கடிதம் எழுதியே ஆடியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். 1959-ல் வந்த டிப்ளமசி என்ற போர்டு கேம் 1963-லிருந்தே தபாலில் ஆடப்பட்டது. 1970-ல் ரிக் லூமிஸ் தொடங்கிய தபால் ஆட்டத்திலிருந்து ஃப்ளையிங் பஃபலோ என்ற நிறுவனமே வளர்ந்தது. நான் அதிகம் எடுத்துக்கொண்டது டிப்ளமசிக்காரர்களிடமிருந்துதான். அந்த ஆட்டத்தில் எல்லோரும் ஒரே கெடுவுக்குள் தங்கள் உத்தரவுகளை நடுவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். நடுவர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் நடத்திக் காட்டுவார். ஒருவரிடமிருந்து உத்தரவு வரவில்லையா? அவர் படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும், ஆட்டம் நகர்ந்துவிடும். இந்த இரண்டு விதிகளையும் ரோல்பிளேயிங்குக்குக் கொண்டுவந்தால் மெயில் கேம்பெயின்களைக் கொல்லும் பிரச்சினைகளில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். நேரில் ஆடும்போது ஒருவர் "கதவு பூட்டியிருக்கா?" என்பார், நான் "ஆமாம்" என்பேன், "சாவித் துவாரம் வழியா பார்க்கலாமா?" என்பார், "பார்க்கலாம், இருட்டா இருக்கு" என்பேன். அரை நிமிடம்கூட ஆகாது. மெயிலில் அதே நான்கு வரிகளுக்கு இரண்டு நாள், மூன்று நாள் போய்விடும். அந்த நாட்களில் கதையில் எதுவும் நடந்திருக்காது. மற்றவர்கள் ஆர்வம் வடிந்து மெயிலைத் திறப்பதையே தள்ளிப்போட ஆரம்பிப்பார்கள். ஆகவே மெயில் கேம்பெயினில் கேம் மாஸ்டர் முதலில் சிக்கனம் பிடிக்க வேண்டியது போய்வரும் சுற்றுகளில். ஒவ்வொரு சுற்றிலும் கதையில் ஏதாவது மாறியே ஆக வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

முதலில் நான் அனுப்பும் மெயில். ஆட்டக்காரர்கள் கேட்கப் போகும் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்க வேண்டும். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் பாசிவ் பெர்செப்ஷன் என்று ஒன்று உண்டு: பகடையே உருட்டாமல், 10-உடன் அந்தக் கதாபாத்திரத்தின் கவனிக்கும் திறனைக் கூட்டினால் வரும் எண். நேர் ஆட்டத்தில் பலர் அதை மறந்தே போவார்கள். மெயிலில் அது தங்கம். யார் கண்ணில் எது படும் என்று நானே பார்த்து எழுதிவிடலாம். எங்கள் கதையின் ஒரு மெயில் இப்படிப் போகும் (நீலன், ஆதிரை இருவரும் ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்கள்):

"கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம். கதவு பெயர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. தரையில் ஈரக் கால்தடங்கள் படிக்கட்டு வரை போகின்றன. திரும்பி வந்த தடம் இல்லை. இடப்பக்கம் எண்ணெய்ப் பீப்பாய்கள் மூன்று, ஒன்றின் மூடி திறந்திருக்கிறது. மேலே யாரோ இரும்பை உரசும் சத்தம், விட்டு விட்டுக் கேட்கிறது. வெளியே கடல் ஏறுகிறது, ஒரு மணி நேரத்தில் பாறைப் பாதை மூழ்கிவிடும். நீலன் கண்ணுக்கு மட்டும் படுவது: தடங்களில் ஒன்று பூட்ஸ், மற்றது வெறுங்கால், அதுவும் சின்னக் கால். ஆதிரைக்குத் தெரிவது: இந்த எண்ணெய் விளக்குக்கு ஊற்றுவது இல்லை. மேலே ஏறுவதா, மேலே இருப்பவரைக் கீழே வரவழைப்பதா, கடல் ஏறும் முன் ஊருக்குத் திரும்புவதா? வேறு யோசனை இருந்தாலும் சரி. வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்."

இதில் கடைசி மூன்று வாக்கியங்கள்தான் உயிர். "என்ன செய்கிறீர்கள்?" என்று மொட்டையாக முடித்தால் பதில் வராது. வேலை முடித்துக் களைத்து வருபவருக்கு வெறும் திரையைப் பார்த்து யோசிக்கத் தெம்பு இருக்காது. இரண்டு மூன்று வழிகளை எடுத்துப் போட்டால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் நான் கொடுத்ததை விட்டுவிட்டு நான்காவதாக ஒன்றைச் செய்வார்கள் என்பது வேறு விஷயம். அதற்காகத்தானே ஆடுகிறோம்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. மேலே உள்ளதுதான் எனக்கு அளவு. போனில் இரண்டு தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிட வேண்டும். அழகாக எழுத ஆசை வரும், எனக்கும் வருகிறது. அந்த ஆசைக்கு அத்தியாயத்தின் முதல் மெயிலிலும் கடைசி மெயிலிலும் இடம் வைத்திருக்கிறேன்.

அடுத்தது சண்டை. மெயில் கேம்பெயின்கள் மூச்சு நின்றுபோவது பெரும்பாலும் முதல் சண்டையில்தான். வழக்கமான முறையில் ஒவ்வொருவரும் இனிஷியேட்டிவ் (யார் முந்தி என்று சொல்லும் பகடை) உருட்டி, அந்த வரிசையில் ஒருவர் பின் ஒருவராகச் செயல்பட வேண்டும். எல்லோரும் ஒரு தடவை செயல்பட்டு முடித்தால் ஒரு ரவுண்டு. நான்கு ஆட்டக்காரர்கள், நான்கு ரவுண்டு என்றால் வரிசையாகப் பதினாறு மெயில் வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்கும் மேல். கதையிலோ அந்தச் சண்டை அரை நிமிடம்கூட ஓடாது. ஐந்தாம் பதிப்பில் ஒரு ரவுண்டுக்கு 6 விநாடிதான்.

இங்கேதான் டிப்ளமசி முறை வருகிறது. எங்கள் ஆட்டத்தில் தனித்தனி வரிசை கிடையாது. நம் பக்கம் ஒன்று, எதிரிப் பக்கம் ஒன்று; எந்தப் பக்கம் முதலில் என்று ஒரே பகடை. நம் பக்கத்தில் எல்லோரும் கெடுவுக்குள் எழுதிவிட வேண்டும், யார் முந்தி யார் பிந்தி என்பதில்லை. அதோடு, எழுதுவது ஒரு செயலாக இல்லாமல் ஒரு திட்டமாக இருக்க வேண்டும். வேங்கையை ஆடும் நண்பர் எழுதியதைப் பாருங்கள் (உயிர்ப்புள்ளி என்பது கதாபாத்திரம் இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்):

"வேங்கை படிக்கட்டின் அடியில் மறித்து நிற்கிறான். முதலில் இறங்குபவன் மேல் கோடரி. அவன் விழுந்தால் அடுத்தவன். வெறுங்கால் ஆள் குழந்தையாக இருந்தால் அடிக்க மாட்டேன், பிடித்து என் பின்னால் தள்ளிவிடுவேன். என் உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே போனால் கதவு வரை பின்வாங்குகிறேன். யாராவது எண்ணெய்க்குத் தீ வைத்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆதிரையை இழுத்துக்கொண்டு வெளியே."

இப்படி ஒரு மெயில் கையில் இருந்தால் நான் இரண்டு ரவுண்டை ஒரே மூச்சில் நடத்திவிடலாம். எந்த நிபந்தனையும் எதிர்பாராத ஒன்று நடந்தால் மட்டும் அங்கே நிறுத்திக் கேட்பேன். பதினாறு மெயில் வரிசை இரண்டு மூன்று சுற்றாகச் சுருங்கிவிடும். போதாததற்கு, அந்த நண்பர் தன் கதாபாத்திரத்தைப் பற்றி இந்த ஐந்து வரியில் சொன்னதை நேர் ஆட்டத்தில் சொல்லவே வாய்ப்பு வந்திருக்காது. அவன் எதற்குப் பயப்படுகிறான், யாரை முதலில் காப்பாற்றுவான் என்று எல்லாமே அதில் இருக்கிறது.

எதிரியின் முறையில் நடுவே குறுக்கிடும் ரியாக்ஷன்களுக்கு நிலையான உத்தரவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆதிரையிடம் ஷீல்டு மந்திரம் இருக்கிறது. அது அவருடைய அடுத்த முறை தொடங்கும் வரை பாதுகாப்பு எண்ணை (அடி படுவதற்கு எதிரியின் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 5 கூட்டும். "போடவா வேண்டாமா" என்று ஒவ்வொரு அடிக்கும் மெயில் அனுப்ப முடியாது. அவர் கொடுத்திருக்கும் உத்தரவு: "ஷீல்டு போட்டால் அடி தவறும் என்றால் போடுங்கள். கடைசி ஸ்பெல் ஸ்லாட்டை மட்டும் தொடாதீர்கள்." (ஸ்பெல் ஸ்லாட் என்பது மந்திரம் போட மீதமிருக்கும் வாய்ப்பு.) இவ்வளவு போதும்.

பகடை யார் உருட்டுவது என்பதில் சண்டையே நடக்கும். என் பக்கம் தெளிவு: வழக்கமான உருட்டல்கள் எல்லாம் கேம் மாஸ்டர் உருட்டி, வந்த எண்ணை மெயிலிலேயே எழுதிவிட வேண்டும். ஆட்டக்காரர் உருட்டட்டும் என்று விட்டால் அதற்கே ஒரு சுற்று போய்விடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரு கதாபாத்திரம் சாகுமா பிழைக்குமா என்ற இடம் வந்தால் கதையை அங்கே நிறுத்தி, உருட்டலை அவர் கையிலேயே கொடுக்கிறேன். அந்த ஒரு நாள் காத்திருப்பு எல்லோருக்கும் பிடிக்கிறது. உருட்டிய எண்ணை அவர் சொன்னால் நம்புகிறோம். அந்த அளவு நம்பாத ஆட்களோடு மாதக்கணக்கில் கதை எழுதவே முடியாது.

எந்த விதிமுறையில் ஆடுவது? ஐந்தாம் பதிப்பை ஆடலாம், நாங்களும் அதைத்தான் ஆடுகிறோம். அதன் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால், தேவையான விதியை மூலத்தைக் குறிப்பிட்டு அப்படியே மெயிலில் ஒட்டி அனுப்பலாம். யாரும் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அதில் மெயிலுக்கு ஒத்துவராத குணம் ஒன்று இருக்கிறது: தோற்றால் பல நேரம் எதுவுமே நடக்காது. பூட்டைத் திறக்க முயன்றேன், முடியவில்லை. சரி, அடுத்த நாள் வரை காத்திரு என்றால் யாருக்குத்தான் சலிக்காது?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 2010-ல் வின்சென்ட் பேக்கர் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்தின் வழியில் வந்தவற்றைத்தான் நான் சொல்வேன். அவற்றில் இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டி எண்களைக் கூட்ட வேண்டும். 10-ம் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். 6-ம் அதற்குக் கீழும் வந்தால் கேம் மாஸ்டர் நிலைமையை மாற்றுவார். கதாபாத்திரத்தின் திறனுக்கான கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாமல் கணக்குப் போட்டால் 36-ல் 6 முறை முழு வெற்றி, 15 முறை விலையோடு வெற்றி, 15 முறை சிக்கல். எது வந்தாலும் கதை நகர்ந்தே தீரும். மெயிலுக்கென்றே செய்தது போல இருக்கும். வேறு எந்த ஆட்டத்தை எடுத்தாலும் இந்தக் குணத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் பூட்டு திறக்காமல் போனால், உள்ளேயிருந்து யாரோ "யார் அது?" என்று கேட்பார்கள்.

மெயிலின் நடைமுறை வேலைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். காட்சிக்கு ஒரு திரெட் (ஒரே தலைப்பில் தொடரும் மெயில் சங்கிலி), அதற்கு ஒரு தலைப்பு. காட்சி முடிந்தால் புதிய திரெட். ஜிமெயிலில் தலைப்பு மாறினாலோ ஒரு திரெட்டில் 100 மெயில் தாண்டினாலோ அது தானாகவே உடைந்துவிடும், அதனால் நாமே நல்ல இடத்தில் உடைப்பது மேல். தலைப்பின் முன்னால் "கதை" அல்லது "பேச்சு" என்று போடுகிறோம். கதை என்றால் கதாபாத்திரம் பேசுகிறது, பேச்சு என்றால் நாம் பேசுகிறோம். விதிச் சந்தேகம், லீவு சொல்வது, பாராட்டு எல்லாம் இரண்டாவதில். குழுவுக்கென்று ஒரு பொது முகவரி வைத்துவிட்டால் ரிப்ளை ஆல் அழுத்த மறந்த பிரச்சினை இல்லை. வார இறுதியில் "நிலவரம்" என்று ஒரு மெயில் அனுப்புகிறேன்: யார் எங்கே இருக்கிறார், உயிர்ப்புள்ளி எவ்வளவு, பையில் என்ன, கதையில் இப்போது என்ன நேரம், முடிச்சு அவிழாத விஷயங்கள் என்னென்ன. ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தவர் அதை மட்டும் படித்தால் போதும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ரகசியம். நேர் ஆட்டத்தில் ஒருவருக்குத் துண்டுச் சீட்டு எழுதி நீட்டினால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டாலும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். மெயிலில் அந்தச் சீட்டு போனதே யாருக்கும் தெரியாது. ரகசியம் என்ற ஒன்று நிஜமாகவே ரகசியமாக இருக்கும் ஒரே வடிவம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

கலங்கரை விளக்கத்தின் மேல்தளத்தில் ஒரு கடிதம் கிடைத்தது. நீலன் அதை எடுத்துப் பைக்குள் போட்டதாக எனக்குத் தனியாக எழுதினார். அதன் வாசகம் அவருக்கு மட்டும் போனது: துறைமுகத் தலைவர் ஒருவருக்கு எழுதப்பட்ட கடன் சீட்டு. அதே வாரம் ஆதிரைக்கு ஒரு கனவை அனுப்பினேன். அதில் ஒரு கை கையெழுத்திடுகிறது, மோதிரத்தில் மீன் முத்திரை. கடன் சீட்டின் அடியிலும் அதே மீன். இருவரிடமும் பாதிப் பாதி இருந்தது, மற்றவரிடம் மீதி இருப்பது தெரியாது. இருவரும் நன்றாக யோசித்து, தங்களிடம் இருப்பதை வைத்துத் தனித்தனியாக வேறு வேறு ஆட்களைச் சந்தேகப்பட்டார்கள். பல வாரம் கழித்து, கப்பல் தளத்தில் காத்திருக்கும் ஒரு சாதாரணக் காட்சியில், ஆதிரை பேச்சுவாக்கில் கனவைச் சொன்னார். நீலனிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "நீலன் மெதுவாகப் பைக்குள் கைவிடுகிறான்." அந்த ஒரு வரிக்கு மற்ற மூவரும் அன்றே பதில் எழுதினார்கள்.

இதற்கு ஓர் எச்சரிக்கை. ரகசியத்தைப் பொது மெயிலில் பிசிசி (மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒருவரைச் சேர்க்கும் வசதி) போட்டு அனுப்பாதீர்கள். அதைப் பெறுபவர் ரிப்ளை ஆல் அழுத்தினால் பதில் எல்லோருக்கும் போய்விடும். ரகசியத்துக்கு எப்போதும் புதிய மெயில், புதிய தலைப்பு. இன்னொன்று, ஒருவருக்கே ரகசியங்கள் குவியக் கூடாது. யாருக்கு எப்போது என்ன அனுப்பினேன் என்று குறித்து வைத்து, யார் பக்கம் காலியாக இருக்கிறதோ அடுத்தது அவருக்கு என்று பார்த்துக்கொள்கிறேன்.

உரையாடல்தான் மெயிலில் கடினம். ஒரு காவலனிடம் பேசி உள்ளே போக வேண்டும் என்றால் ஆளுக்கு ஐந்து வசனம், ஐந்து சுற்று. அதனால் வசனத்தோடு நோக்கத்தையும் எழுதச் சொல்கிறேன்: "இனிமையாகப் பேசிப் பார்ப்பேன். மறுத்தால் அவன் மேலதிகாரி பெயரைச் சொல்வேன். காசு மட்டும் கொடுக்க மாட்டேன்." மீதி வசனத்தை நான் எழுதுவேன். இன்னொருவர் கதாபாத்திரத்தின் வாயில் நான் வார்த்தை வைக்கிறேன் என்பதால் முன்னரே அனுமதி கேட்டுவிட வேண்டும். சிலர் தாராளமாக விடுவார்கள். சிலர் ஒரு சொல் மாறினாலும் வருத்தப்படுவார்கள், அவர்களுக்கு மறைமுகமாகவே எழுதுகிறேன். கதாபாத்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு மட்டும் கெடு கிடையாது. இரவில் தீ மூட்டி உட்கார்ந்து பேசிய திரெட் ஒன்று, முதன்மைக் கதை நான்கு நாள் பயணம் தாண்டிய பிறகும் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் குழப்பம் வரவில்லை.

மௌனத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒருவரிடமிருந்து பதில் வராதபோது என்ன ஆகும் என்பதை முதல் மெயிலிலேயே தீர்மானித்து வையுங்கள். எங்கள் விதி இது: கெடு தாண்டினால் அவர் கதாபாத்திரம் நிலையான உத்தரவுப்படி நடக்கும், தற்காத்துக்கொள்ளும், ஆபத்தான எதையும் தொடாது. இரண்டு கெடு தாண்டினால் நான் தனியாக ஒரு மெயில் போடுவேன். அதில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது, நலமா என்று மட்டும் கேட்பேன். பதில் எழுதாதவர் பெரும்பாலும் ஆர்வம் போனவர் இல்லை. எழுதாத நாட்கள் கூடக் கூட, திரும்பி வர வெட்கப்படுபவர். கதைக்குள் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வையுங்கள். கதாபாத்திரம் காய்ச்சலில் படுத்திருக்கலாம், பிணையாகத் தங்கியிருக்கலாம். கொன்றுவிட மட்டும் வேண்டாம்.

தொடங்கும்போது மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஆறு பேரோடு ஆரம்பித்தால் எப்போதும் யாராவது ஒருவருக்காகக் காத்திருப்பீர்கள். முதல் மெயிலுக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டியவை: வாரத்துக்கு எத்தனை தடவை நிம்மதியாக எழுத முடியும், கதையில் எதெல்லாம் வரவே கூடாது, உன் கதாபாத்திரம் மற்றவர்களில் ஒருவருக்கு எந்த விதத்தில் கடன்பட்டிருக்கிறது. முதல் கேள்விக்கு வந்த பதில்களில் மிகக் குறைவானதுதான் முழு ஆட்டத்தின் வேகம். அதைக் கூட்ட முயல வேண்டாம். கதையையும் நடுவிலிருந்து தொடங்குங்கள். நான்கு அந்நியர்கள் ஒரு சத்திரத்தில் அறிமுகமாவதை மெயிலில் எழுதினால் அதற்கே ஒரு மாதம் ஆகும். எங்கள் கதை தொடங்கும்போது எல்லோரும் ஏற்கெனவே பாறைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நேரில் ஒரே மாலையில் முடியும் சாகசம் மெயிலில் ஓரிரு மாதம் எடுக்கும். அதனால் பத்து நிலைப் பாதாளக் கோட்டை வேண்டாம். ஐந்தாறு காட்சிகளில் முடியும் அத்தியாயமாகப் பிரித்துக்கொள்கிறேன். அத்தியாயம் முடிந்ததும் இரண்டு வாரம் விடுமுறை. அந்த இடைவெளியில், விலக நினைப்பவர்கள் கௌரவமாக விலகலாம், அவர்கள் கதாபாத்திரத்துக்கு ஒரு நல்ல விடையனுப்புக் காட்சி எழுதித் தருகிறேன். புதிதாக ஒருவர் சேர்வதும் அப்போதுதான். அவருக்குப் பழைய நிலவரம் மெயில்களை வரிசையாக அனுப்பினால் கதை முழுக்கப் பிடிபட்டுவிடும். அடுத்த அத்தியாயத்தின் முதல் மெயில் எந்தத் தேதியில் வரும் என்பதை விடுமுறை தொடங்கும் முன்பே அறிவித்து, அந்தத் தேதியில் அனுப்பியும் விடுகிறேன், ஒருவர் மட்டுமே தயாராக இருந்தாலும்.